வாசலில் பேவர் பிளாக் போட்டு, வீட்டுக்குள் ஓதம் வாங்கியவர்கள் உண்டா?

உச்சிப்புளியான்:
தங்கச்சி கல்யாணத்துக்குப் பந்தல் போடும்போது வாசல் சேறாகக் கிடக்கக் கூடாதென்று, பழைய சிமென்ட் தளத்தை உடைக்காமல் அதன் மேலேயே மண் பரப்பி 60 எம்எம் கல் பதித்தோம். டிபிசி, அதாவது மண்ணின் ஈரம் சுவரில் ஏறாமல் இருக்க அடிச்சுவரில் போடும் தடுப்புப் பட்டை, எந்த மட்டத்தில் இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை, நானும்தான். மார்கழியில் அம்மா பீரோவை நகர்த்தினால் அதன் பின்னால் இருந்த சுவர் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கொத்தனார் அதை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "கரிக்குதே தம்பி, மண்ணு எங்க அடிச்சீங்க?" கடற்கரை மண். டிராக்டர்காரர் மலிவாகக் கொடுத்தது. அவர் துண்டால் நாக்கைத் துடைத்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கீழக்கரை லாத்தா:
மண்ணை மட்டும் குறை சொல்லாதீங்க தம்பி. எங்களுடையது பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய வீடு, டிபிசியே கிடையாது. சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் விட்டுவிடும். ரோடு மேல் ரோடு போட்டு, வாசலில் இருந்த மூன்று படியில் ஒன்றுதான் மிச்சம். தண்ணீர் உள்ளே வருகிறதென்று நாங்களும் முற்றத்தை உயர்த்தி டைல்ஸ் ஒட்டினோம். அடுத்த ஐப்பசியில் சுவர் மாவாக உதிர்ந்தது. உம்மா அதைச் சொளகில் அள்ளிக்கொண்டு போய், டைல்ஸ் ஒட்டியவரிடம் நீட்டி, "இந்தாங்க, மிச்சக் கூலி" என்றார்கள்.

ரசமட்டம்:
தேவிபட்டினத்தில் ஒரு வீட்டுக்கு நானே இப்படிப் போட்டுக் கொடுத்துத் திட்டு வாங்கியிருக்கிறேன். அதை விடுங்கள். உச்சிப்புளித் தம்பி, உப்பு கொடுத்தது மண், ஈரம் கொடுத்தது உயரம். தளம் எப்போதும் டிபிசிக்கு 6 இஞ்ச் கீழே இருக்கணும். ஒட்டி இருந்தாலும் மழை தெறித்துச் சுவரில் ஏறிவிடும். முழுசாகப் பெயர்க்க வேண்டாம். சுவரோரம் ஒரு அடி அகலத்துக்குக் கல்லை எடுத்து, டிபிசிக்குக் கீழே அந்த 6 இஞ்ச் கிடைக்கிற வரை தோண்டி, அடியில் ஜல்லி போடுங்கள். தண்ணீர் வெளியே போக வழி வேண்டும், இல்லாவிட்டால் சுவருக்கு நீங்களே குளம் வெட்டியது போல. மிச்சத் தளத்துக்கும் சரிவு வெளிப்பக்கம்தான். உப்பு ஏறிய பூச்சைக் கொத்தி எடுத்தே ஆகணும். உப்பு காற்றில் உள்ள ஈரத்தையும் இழுக்கும், கொண்டல் காற்று அடித்தால் மழையே இல்லாமல் சுவர் கசியும். லாத்தா, உங்கள் சுவரில் சிமென்ட் மட்டும் பூசிவிடாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். சுண்ணாம்புதான். புதிதாகக் கட்டுகிறவர்கள் பேஸ்மட்டத்தைத் தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் குறைக்காதீர்கள், ரோடு எப்படியும் ஏறத்தான் போகிறது.

தொண்டிப் பையன்:
ஜல்லி போடச் சொல்வது சுலபம் அண்ணே. எங்கள் வீட்டில் போட்ட மூன்றே மாதத்தில் வேப்பஞ்சருகும் மணலும் அடைத்து, மழை நாளில் ஜன்னலுக்குக் கீழே தவளை கத்தியது. ஆச்சி ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

ரசமட்டம்:
வருஷத்துக்கு ஒருமுறை ஜல்லியை அள்ளி அலசணும் தம்பி. அதை யார் செய்கிறார்கள்!

உச்சிப்புளியான்:
கல்லைப் பெயர்க்க ஆள் சொல்லிவிட்டேன். அம்மாதான் விடமாட்டேன் என்கிறார். தங்கச்சி பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் கடப்பாரை போடக் கூடாதாம். பீரோவை இப்போதைக்கு அடுத்த சுவருக்கு மாற்றியிருக்கிறோம்.