கீபோர்டைத் தட்டினால் கணினி எழ மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

வணக்கம். அப்பாவின் கணினியில் டெபியன் 12 (லினக்ஸ்). சஸ்பெண்ட் (உறக்க நிலை) ஆனபின் யூஎஸ்பி கீபோர்டைத் தட்டினால் எழுவதில்லை. முழங்கால் வலியோடு அவர் குனிந்து பவர் பட்டனை அமுக்குவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

கீபோர்டில் ரிமோட் வேக்கப் (கணினியை எழுப்பும்) வசதி இருக்கிறது, சிஸ்எஃப்எஸ்ஸிலும் (சாதன அமைப்புகளைக் காட்டும் கோப்புகள்) அது 'எனேபிள்டு'தான். ஆனால் எவையெல்லாம் கணினியை எழுப்பலாம் என்று சொல்லும் ஏசிபிஐ வேக்கப் பட்டியலில் (/proc/acpi/wakeup கோப்பு), யூஎஸ்பியைக் கையாளும் எக்ஸ்எச்சிஐ கன்ட்ரோலர் 'டிசேபிள்டு'. அதன் பெயரை அந்தக் கோப்பில் எழுதினால் வேலை செய்கிறது. ரீபூட் செய்ததும் பழைய நிலைதான்.

அந்தக் கோப்பு சுவிட்ச் மாதிரி, ஒவ்வொரு முறை எழுதும்போதும் நிலையைத் திருப்பிப் போடும். அந்த எழுதும் வேலையை சிஸ்டம்டி சேவையாக (பூட் ஆகும்போது தானே ஓடும்படி) வைத்தால், இரண்டு முறை ஓடி மறுபடி அணைத்துவிடுமோ என்று பயம். யூடெவ் விதி (சாதனத்தைக் கண்டதும் அதன் அமைப்பை மாற்றுவது) எழுதி, கன்ட்ரோலரின் வேக்கப்பை நேரடியாக 'எனேபிள்டு' ஆக்குவது சரியா? செய்தவர்கள் அந்த விதியை அப்படியே போடுங்கள். அப்புறம், பயாஸில் யூஎஸ்பி வேக்கப் ஆன் செய்தாயிற்று.