2003 தோல்விக்கு அந்த ரசிகரா காரணம்?

ரிக்லி மதில்: "2003-இல் அந்த ரசிகர் பந்தைப் பிடிக்கக் கை நீட்டாமல் இருந்திருந்தால் சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணி கோப்பைக்காக 2016 வரை காத்திருக்க வேண்டியதில்லை" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கைக்கு நேராக வந்த பந்தை கப்ஸின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்கும் தடுப்பாளர்) அலெக்ஸ் கோன்சாலஸ் தவறவிட்டாரே, அது யார் கணக்கு?

இடது திடல்: எழுதியவன் நான்தான். மார்லின்ஸ் அணியோடு ஆறாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், 3-0 முன்னிலை, இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸுக்குப் போக ஐந்தே அவுட் பாக்கி. நம் மொய்சஸ் அலூ பந்தைப் பிடிக்க எம்பியபோது ரசிகர் கை குறுக்கே வராமல் அது அவருக்குக் கிடைத்திருந்தால், அதை அடித்த மார்லின்ஸ் வீரர் காஸ்டியோ அவுட். பிறகு கோன்சாலஸ் தடுமாறும் நிலையே வந்திருக்காது.

ரிக்லி மதில்: நடுவரே குறுக்கீடு இல்லை என்று சொல்லிவிட்டார். பந்து பார்வையாளர் பக்கம் வந்துவிட்டது, அவ்வளவுதான். மார்லின்ஸ் அந்த இன்னிங்ஸில் எடுத்தது 8 ரன். எட்டையும் ரசிகரா கொடுத்தார்? கோன்சாலஸ் அந்தப் பந்தைப் பிடித்திருந்தால் ஒரே பந்தில் இரண்டு அவுட், இன்னிங்ஸே முடிந்திருக்கும்.

பழைய ஸ்கோர் அட்டை: இருவரும் ஒரே இரவைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். 1964-இல் கப்ஸ் நிர்வாகம் லூ பிராக் என்ற வீரரைச் செயின்ட் லூயிஸ் அணிக்குத் தாரை வார்த்தது. அதே ஆண்டு செயின்ட் லூயிஸ் கோப்பை வென்றது. அதற்கு முன் 1961-இல் தலைமை மேலாளர் என்று ஒருவரை வைக்காமல் பயிற்சியாளர்களை மாற்றி மாற்றி உட்காரவைத்த நிர்வாகம் இது. 512 ஹோம் ரன் அடித்த கப்ஸ் வீரர் எர்னி பேங்க்ஸ் ஒரு வேர்ல்ட் சீரிஸ் ஆட்டம்கூட ஆடாமல் ஓய்வு பெற்றார்.

ரிக்லி மதில்: பிராக்கைப் பற்றி யார் கேட்டார்கள் ஐயா? பேச்சு கோன்சாலஸைப் பற்றி.

தெற்குச் சிகாகோ: இதே ஊரின் தெற்குப் பக்க அணியான எங்கள் வொயிட் சாக்ஸ் 1917-க்குப் பிறகு அடுத்த கோப்பைக்கு 2005 வரை காத்திருந்தது. 88 ஆண்டுகள்! எங்களுக்காக யார் கண்ணீர் விட்டார்கள்? 1945-இல் ஒருவர் கொண்டுவந்த ஆட்டை கப்ஸ் மைதானத்தில் விடவில்லையாம், அதனால் கப்ஸுக்குச் சாபமாம். இந்த ஊரில் துயரத்துக்கும் கப்ஸ் இருக்கும் வடக்குப் பக்கம்தான் மதிப்பு.

இடது திடல்: 2005-ஐ இழுக்காமல் உங்களுக்கு ஒரு நாளும் விடியாதா? நீங்கள் 1919-இல் காசு வாங்கிக்கொண்டு தோற்ற அணி.

தெற்குச் சிகாகோ: எட்டு வீரர்களை ஆயுள் முழுக்கத் தடை செய்தார்கள். அந்தத் தண்டனையை அனுபவித்தோம். உங்களைப் போல டிக்கெட் வாங்கி வந்த ஒரு சாதாரண மனிதர் மீது பழி போடவில்லை.

ரிக்லி மதில்: இந்த ஒன்றில் தெற்கத்தியாரோடு நிற்கிறேன். அந்த மனிதரைக் காவலோடு மைதானத்திலிருந்து வெளியே கொண்டுபோனார்கள். மறுநாள் ஏழாவது ஆட்டத்தில் 5-3 முன்னிலையிலிருந்து 9-6 என்று தோற்றதும் அவராலா?

இடது திடல்: ஆறாவது ஆட்டம் கையில் இருந்திருந்தால் ஏழாவது ஏது?

ரிக்லி மதில்: அதைத்தான் நானும் கேட்கிறேன். கோன்சாலஸ் பிடித்திருந்தால் ஏழாவது ஏது?

பழைய ஸ்கோர் அட்டை: 1969-இல் கப்ஸ் நியூயார்க் மெட்ஸ் அணியிடம் பட்டியல் முன்னிலையைப் பறிகொடுத்தபோது கோன்சாலஸ் பிறக்கவே இல்லை.

ரிக்லி மதில்: மறுபடியும் தலைப்பை மாற்றுகிறீர்கள். பந்து கையுறையில் பட்டதா இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.