நான் அடுக்குன விறகை கரடி பிரிச்சுப் போட்ட கதை (உங்க விறகு அனுபவத்தையும் சொல்லுங்க)

மலைக்காத்து:

கீழ சமவெளியில விறகுன்னா சமையல்தான் ஞாபகம் வரும், எங்களுக்கு கோத்தகிரி பக்கம் அது குளிர் காயறதுக்கு. டிசம்பர் வந்துட்டா ஹீட்டர் போட்டு கட்டுப்படியாகாது, பாதி நாள் கரண்டும் இருக்காது. தாத்தா காலத்து வீடு, ஹால்ல ஒரு ஃபயர்பிளேஸ் இருக்கு, அதுதான் கதி.

மூணு வருஷம் முன்னாடி வீட்டுக்குக் கீழ ஒரு சீகை மரம் காத்துல சாஞ்சிடுச்சு. (தலைக்குத் தேய்க்கிற சீயக்காய் இல்லீங்க, வாட்டில் மரம், தோல் பதனிட பட்டை உரிப்பாங்களே அது.) பட்டா நிலம்னாலும் மலையில இஷ்டத்துக்கு மரத்துல கை வெக்க முடியாது, 1955ல போட்ட சட்டம் இருக்கு, அதனால எழுதிக் குடுத்து பர்மிஷன் வாங்கி, ஒரு அண்ணனைக் கூட்டியாந்து ஒன்றரை அடி ஒன்றரை அடியா அறுத்தாச்சு. பொளக்குற வேலையை நானே பாத்துக்கறேன்னு வீராப்பா சொல்லிட்டேன்.

சீகை நல்ல மரம், கோடாரி விழுந்ததும் ரெண்டா விரிஞ்சு விழும். பக்கத்து தோட்டத்துல குடுத்த கற்பூர மரம்தான் (யூகலிப்டஸ்ங்க) உயிரை எடுத்துச்சு. நாரு பூரா முறுக்கிக்கிட்டு இருக்கும், கோடாரி மாட்டிக்கிச்சுன்னா ஆப்பு வெச்சு சம்மட்டியால அடிச்சாத்தான் விடும். பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துட்டு, "பச்சையில பொளந்திருக்கணும் தம்பி, காஞ்சா அது கல்லு"ன்னாரு. 1843 வாக்குல வெள்ளைக்காரங்க வெலிங்டன் பக்கம் கொண்டாந்து நட்ட மரம் இது, சோலையை வெட்டித் தீத்துட்டு அப்புறம் விறகுக்குன்னே தோட்டம் தோட்டமா போட்டாங்க. நட்டவனை ஒரு நாள் கோடாரி பிடிக்க விட்டிருக்கணும்.

பொளந்ததை தேயிலைச் செடிக்கு நடுவுல தலைச்சுமையா மேல ஏத்துனதுல ரெண்டு நாள் கழுத்தே திரும்பல. அதை விடுங்க, தப்பு பண்ணது அடுக்குறதுலதான். சுவரோரமா நேரா மண்ணு மேலயே அட்டி போட்டு, மேல இருந்து கீழ வரைக்கும் தார்ப்பாய் போத்தி, நாலு பக்கமும் கயிறு கட்டி, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வேற வெச்சேன்.

நவம்பர் மழை, ராத்திரி ரெண்டு மணி இருக்கும், பின்னாடி தடதடன்னு சரியுற சத்தம். காட்டுமாடு இடிச்சிருக்கும்னு ஜன்னல் வழியா டார்ச் அடிச்சேன். கரடி. எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு மனுஷன் மாதிரி உக்காந்து, ஒவ்வொரு கட்டையா உருவி, நகத்தால பட்டையைக் கீறி, வாயை வெச்சு உறிஞ்சுது. அந்தச் சத்தம் இருக்கே, பாயசம் கடைசிச் சொட்டை உறிஞ்சுற மாதிரி, மூடுன ஜன்னலைத் தாண்டிக் கேக்குது. அம்மா பின்னாடி இருந்து "டேய் லைட்டை அமத்து, அதுக்கு வேணுங்கிறதைத் தின்னுட்டுப் போகட்டும், நீ என்ன பேட்டியா எடுக்கப் போறே"ன்னாங்க.

விடிஞ்சு போய்ப் பாத்தா அடி ரெண்டு வரிசையும் உக்கிப் போய் கைல எடுத்தா அவல் மாதிரி உதிருது, உள்ள சுண்டுவிரல் கனத்துக்கு வெள்ளைப் புழு, எறும்புக் கூடு. கரடி வந்தது அதுக்குத்தான். மேல் வரிசையும் பூஞ்சை பூத்துக் கெடக்கு. பெரியவர் வந்து பாத்துட்டு "விறகுக்குக் கம்பளி போத்துனியா"ன்னு கேட்டுட்டு, அவரே நின்னு திரும்ப அடுக்க வெச்சாரு. கீழ கல்லு வெச்சு ரெண்டு கம்பு போட்டு அரையடி உசத்தணும், சுவருக்கும் அட்டிக்கும் நடுவுல கை நுழையணும், ரெண்டு முனையிலயும் குறுக்கும் நெடுக்குமா அடுக்குனா சரியாது, மேல மட்டும் தகரம், பக்கம் பூரா திறந்தே கெடக்கணும். ஜனவரியிலயே பொளந்து போட்டாத்தான் மழைக்கு முன்னாடி நாலு மாச வெயிலு கெடைக்குமாம்.

ஒன்டாரியோ மச்சான்:

நான் இருக்கிறது கனடாவில, ரவுனை விட்டுத் தள்ளி, காஸ் லைன் வராத இடம். புரோபேன் பில்லைக் கண்டிட்டு மனிசிதான் விறகு ஸ்டவ் போடுவம் எண்டவா. ஊரில பனை மட்டையும் ஊமலும் எரிச்சு வளர்ந்தனான், விறகில என்ன படிக்கக் கிடக்கு எண்டு நினைச்சன்.

ஒராளிட்ட ரெண்டு கோர்ட் சொன்னன். கோர்ட் எண்டா 4 அடி உயரம், 4 அடி ஆழம், 8 அடி நீளம், 128 கன அடி வரோணும். வந்ததை அடுக்கினா நீளம் உயரம் எல்லாம் சரி, ஆழம் மட்டும் ஒரு கட்டை, 16 இஞ்சி. கேட்டா அது ஃபேஸ் கோர்டாம். மூண்டில ஒரு பங்கு விறகுக்கு முழுக்காசு குடுத்திருக்கிறன். காய்ஞ்ச ஓக் எண்டுதான் தந்தவன், ஸ்டவ்வுக்குள்ள வைச்சா முனையால நுரை தள்ளிக்கொண்டு சீ எண்டுது. ஓக் காய ரெண்டு வருசம் வேணும் எண்டு பிறகுதான் தெரியும். இப்ப கட்டையைப் பிளந்து உள்ப்பக்கத்தில ஈரம் பாக்கிற மீட்டரைக் குத்திப் பாப்பன், 20 சதவீதத்துக்குக் கீழ எண்டாத்தான் உள்ளுக்கு எடுக்கிறது.

அந்த பெப்ரவரி ஒருநாள் இரவு பைப்புக்குள்ள ரயில் போறமாதிரி இரைச்சல். ஈர விறகின்ர புகை தார் மாதிரி ஒட்டிக் கிடந்து பத்தியிருக்கு. ஸ்டவ்வின்ர காத்துவழியை மூடிப்போட்டு, பிள்ளையளை சப்பாத்தும் இல்லாமல் காருக்குள்ள ஏத்தி, 911க்கு அடிச்சன். வீட்டுக்கு ஒண்டும் நடக்கேல்ல, ஆனா இப்பவும் காத்துக்கு சிம்னி ஊதினா மனிசி எழும்பி இருக்கிறவா.

இப்ப எரிக்கிறது கூடுதலா ஆஷ் மரம். 2002ல இங்க கண்டுபிடிச்ச ஒரு பச்சை வண்டு ஆஷ் மரங்களை நிண்ட நிலையில சாகடிச்சுக்கொண்டு வருது, பட்ட மரத்துக்குக் குறைவில்லை. விறகோட வண்டும் போகும் எண்டு தூர இடத்துக்கு ஏத்திக்கொண்டு போக விடமாட்டினம்.

கொடை ரோடு:

நம்ம கொடைக்கானல்ல விறகை விட கரிதான் பயம். நான் கேர்டேக்கரா இருந்த வீட்டுக்கு கீழ இருந்து நாலு பேரு வந்தாங்க, வெளிய கறி சுட்டுட்டு குளிருக்கு அந்தத் தணல் சட்டியை அப்படியே ரூமுக்குள்ள தூக்கிட்டுப் போய் ஜன்னலைச் சாத்திப் படுத்துட்டாங்க. புகையே இல்லியே, என்ன ஆகும்னு நெனப்பு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கெடையாது. ஒருத்தருக்கு தலைவலி தாங்காம வாந்தி வந்து எந்திரிச்சு கதவைத் திறந்துட்டு வாசப்படியிலயே விழுந்துட்டாரு, அந்தச் சத்தத்துலதான் நான் ஓடுனேன். மத்த மூணு பேரையும் இழுத்துத்தான் வெளிய போட்டோம். பொழைச்சுக்கிட்டாங்க. புகைபோக்கி இல்லாத ரூமுல தணல் வெக்காதீங்கப்பா, சொன்னா கோவிச்சுக்கிறாங்க, கோவிச்சுக்கட்டும்.

மலைக்காத்து:

கொடை அண்ணா, அந்த மாதிரி சட்டி எங்க வீட்டு ரூமுலயும் ஒண்ணு இருந்துச்சு, படிச்சதும் தூக்கி வெளிய வெச்சுட்டேன், அம்மா அதுல புதினா வெக்கிறாங்களாம். மச்சான், ஊமல்னா என்னங்க?

ஒன்டாரியோ மச்சான்:

பனங்கொட்டையில கிழங்கு போட்டுக் கிண்டி எடுத்தாப் பிறகு மிஞ்சிற கோது. நல்லாக் காய்ஞ்சா அதைப்போல நிண்டு எரியிற சாமான் இங்க ஒண்டும் இல்லை.