சப்கிளேவியஸ்: காறை எலும்புக்கு அடியிலிருக்கும் அந்தச் சின்னத் தசையை எங்கே சந்தித்தீர்கள்?

நான் பார்த்தது எம்.பி.பி.எஸ். முதலாண்டு டிசெக்‌ஷன் ஹாலில். நெஞ்சின் பெரிய தசையான பெக்டொராலிஸ் மேஜரை அறுத்துத் திருப்பினால் அடியில் சின்னதான பெக்டொராலிஸ் மைனர். அதற்கு மேலே, காறை எலும்பை ஒட்டி, ஒரு மெல்லிய உறைக்குள் பொதிந்து கிடந்தது. கொழுப்பென்று நினைத்து எங்கள் டேபிள் பையன் ஃபோர்செப்ஸால் பிய்க்கப் போனான். மேடம் கையைத் தட்டிவிட்டார். முதல் விலா எலும்பு குருத்தெலும்போடு சேரும் இடத்தில் தொடங்கி, சாய்வாக மேலேறி, காறை எலும்பின் அடிப்பக்கப் பள்ளத்தில் போய் ஒட்டுகிறது. சுண்டுவிரல் பருமன் இருந்தால் அதிகம். ஆனால் அதற்கென்றே கழுத்துத் தண்டுவட நரம்புகளான சி5, சி6-இலிருந்து தனி நரம்பு! வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அதைத்தான் கேட்டார்கள். பெயர் சுலபம், ‘காறைக்குக் கீழே’ என்பதுதான் அர்த்தம். வேலையும் பெரிதில்லை: காறை எலும்பைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும்.

*

வேலை பெரிதில்லையா? பைக்கிலிருந்து விழுந்து எனக்குக் காறை எலும்பு இரண்டாகிவிட்டது. எக்ஸ்ரேயில் கழுத்துப் பக்கத்துத் துண்டு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. எலும்பு டாக்டர் அதை விட்டுவிட்டு முதலில் மணிக்கட்டில் நாடி பார்த்தார், விரல்களை ஆட்டச் சொன்னார். கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்களும் நரம்புகளும் அந்த எலும்புக்குப் பின்னால்தானாம். நடுவில் இந்தத் தசை மெத்தை போட்ட மாதிரி கிடப்பதால், உடைந்த முனை அவற்றைக் குத்துவது அபூர்வம் என்றார். அப்புறம் ஸ்லிங்தான். தூங்குவதுதான் பெரும்பாடு.

*

நான் பேஸ்மேக்கர் கிளினிக்கில் டெக்னீஷியன். எங்களுக்கு இந்தத் தசை அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை. ஒரு பெரியவருக்குச் செக்கப்பில் லீடின், அதாவது பேஸ்மேக்கரிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பியின், இம்பீடன்ஸ் (மின்தடை) எகிறியிருந்தது. எக்ஸ்ரே எடுத்தால், காறை எலும்புக்கும் முதல் விலாவுக்கும் இடையில் கம்பி அறுந்திருக்கிறது. காறை எலும்புக்கு அடியில் ஓடும் சப்கிளேவியன் சிரையில் ரொம்ப உள்பக்கமாக, நெஞ்சின் நடுவை ஒட்டி, ஊசி போட்டால், லீட் இந்தத் தசைக்குள்ளோ பக்கத்துத் தசைநாருக்குள்ளோ மாட்டிக்கொள்ளும். கையைத் தூக்கும்போதெல்லாம் நசுங்கும். இதற்கு ‘சப்கிளேவியன் கிரஷ்’ என்றே பெயர் உண்டு. அதனால்தான் பல டாக்டர்கள் இப்போது கையிலிருந்து வரும் செஃபாலிக் சிரை வழியாகவோ, இன்னும் வெளியே தள்ளி அக்குள் பக்கத்து அக்சிலரி சிரையிலோ போகிறார்கள். அவருக்கும் புது லீடை செஃபாலிக் வழியாகத்தான் வைத்தார்கள். ‘இனிமேல் சட்டையைத் தலைவழியாகப் போடலாமா?’ என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. காயம் ஆறட்டும், அதுவரை பட்டன் வைத்த சட்டை போடுங்கள் ஐயா என்றேன்.