உயரமான விமான நிலையத்தில் பயிற்சிக்குப் பழைய செஸ்னா 152 போதுமா?

கேள்வி: கனகபுரத்தான், கிளிநொச்சி

வணக்கம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கும் என் அக்காவின் மகன், டென்வருக்குத் தெற்கேயுள்ள சென்டெனியல் விமான நிலையத்தில் விமானம் ஓட்டப் பழகி வருகிறான். வாடகை கட்டி மாளவில்லை என்பதால் நண்பர்களுடன் சேர்ந்து செஸ்னா 152 என்ற இரண்டு இருக்கைப் பழைய விமானம் ஒன்றை வாங்க எண்ணி, தன் பங்கில் ஒரு பகுதியை என்னிடம் கடனாகக் கேட்டிருக்கிறான். அந்த நிலையம் கடல்மட்டத்திலிருந்து 5,885 அடி உயரத்தில் இருக்கிறதாம். நம்முடைய நுவரெலியாவைவிடச் சற்றுத்தான் தாழ்வு. உழவு இயந்திரத்துக்கு அப்பால் எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த உயரத்தில் இவ்வளவு சிறிய விமானம் சரிவருமா, அல்லது வேறு எதையாவது பார்க்கச் சொல்லலாமா?

மறுமொழி: ஓமந்தையான்

ஐயா, 5,885 அடி என்பது பாதிக் கதைதான். கோடைப் பிற்பகலில் வெப்பநிலை 30 பாகை செல்சியஸைத் தொட்டால், காற்று ஐதாகிவிடுவதால், விமானம் ஏறத்தாழ 9,000 அடி உயரத்தில் நிற்பதுபோலவே நடந்துகொள்ளும்; இதையே அடர்த்தி உயரம் என்கிறோம். காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத இயந்திரம் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 வீதம் வலுவை இழப்பதால், 152 இன் 110 குதிரைவலுவில் 80 அளவுதான் கைக்கு வரும். புரொப்பெல்லரும் இறக்கையும் அதே ஐதான காற்றைத்தான் பிடிக்க வேண்டும். கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 715 அடி ஏறும் விமானம் அங்கே அதில் பாதியளவே ஏறும். மலைச்சரிவில் கீழிறங்கும் காற்று அந்தப் பாதியையும் விழுங்கிவிடும்.

பாரத்தையும் பாருங்கள். மொத்த எடை 1,670 இறாத்தலைத் தாண்டக் கூடாது. வெற்று விமானமே பெரும்பாலும் 1,100 இறாத்தலுக்கு மேல். மாணவனும் ஆசிரியரும் ஆளுக்கு 200 இறாத்தல் என்றால், தாங்கியை நிரப்ப அநேகமாக இடமிராது.

மறுமொழி: முள்ளியவளை வாசகன்

ஓமந்தையாரின் கணக்கில் பிழையில்லை, ஆனால் 152 ஐ அவ்வளவு எளிதில் தள்ளிவிட நான் உடன்படமாட்டேன். மெலிந்த இருவர், பாதித் தாங்கி எரிபொருள், வெயில் ஏறுமுன் பறப்பு என்ற ஒழுங்கில் அது நன்றாகவே உழைக்கும். சென்டெனியலின் பிரதான ஓடுபாதையும் நீளமானது. அதன் லைகொமிங் இயந்திரத்தின் முழுப் பழுதுபார்ப்பு இடைவெளி 2,400 மணிநேரம் என்பதால் செலவும் கையைக் கடிக்காது. 3,000 அடிக்கு மேலுள்ள நிலையங்களில் எரிபொருள் கலவையை ஐதாக்கிவிட்டே, அதாவது ஐதான காற்றுக்கேற்ப எரிபொருளைக் குறைத்துவிட்டே, புறப்பட வேண்டும் என்பதைத் தம்பி கைப்பழக்கமாக்கிக்கொள்ளட்டும். மலைகளைத் தாண்டி 9,934 அடி உயரத்திலுள்ள லெட்வில் விமான நிலையத்துக்குப் போகும் ஆசை இருந்தால் மட்டும் என் பேச்சைக் கேட்க வேண்டாம்.

மறுமொழி: ஓமந்தையான்

இளைஞருக்கு அந்த ஆசை வராமல் இருக்குமா? கூட்டாக வாங்குகிறவர்கள் சற்றுக் கூடுதலாகப் போட்டு, 180 குதிரைவலு இயந்திரம் மாற்றிப் பொருத்திய செஸ்னா 172 ஒன்றையோ பைப்பர் செரோக்கி 180 ஒன்றையோ பார்ப்பதே என் தெரிவு. நான்கு இருக்கைகள் உள்ளதை இருவருக்கான விமானமாக ஓட்டினால் வலுவும் பாரமும் பொருந்திவரும். டர்போ பக்கம் போகவே வேண்டாம். பராமரிப்புச் செலவு மாணவர்களைத் தின்றுவிடும்.

மறுமொழி: கனகபுரத்தான்

இருவருக்கும் நன்றி. விற்பவர் புதுப் பூச்சுப் பூசிய படங்களை அனுப்பியிருக்கிறாராம். பணம் அனுப்புமுன் நான் எதைக் கேட்க வேண்டும்?

மறுமொழி: முள்ளியவளை வாசகன்

பரந்தன் சந்தியில் பழைய உழவு இயந்திரம் வாங்கும்போது பூச்சைப் பார்த்தா விலை பேசுவீர்கள்? தொடக்கம் முதலான பராமரிப்புப் பதிவேடுகளைக் கேளுங்கள். விற்பவரோடு தொடர்பில்லாத பொறியியலாளர் ஒருவர் ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளக்கட்டும். செரோக்கி என்றால் இறக்கையின் பிரதான சட்டத்தைப் பற்றித் தனியாக விசாரியுங்கள். 2018 இல் புளோரிடாவின் டேட்டோனா பீச் நகரில் அதே குடும்பத்துப் பைப்பர் ஒன்றின் இறக்கை பறப்பிலேயே பிரிந்த பின், பல பைப்பர் வகைகளுக்கு அந்தச் சட்டத்தைப் பிணைக்கும் ஆணிகளின் துளைகளைச் சோதிக்குமாறு அமெரிக்க அதிகாரிகள் கட்டளையிட்டார்கள். 1977 முதல் 1980 வரையான 172 என்றால், இயந்திரம் மாற்றப்பட்டதா என்று பாருங்கள். அக்காலத்து இயந்திரத்தில் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு தேய்வது பேர்போன குறை, நெடுநாள் ஓடாமல் நின்றவற்றில் அது இன்னும் மோசம். புரொப்பெல்லர் ஏற்றத்துக்கு உகந்த வகையா, நெடும்பறப்புக்கு உகந்த வகையா என்பதையும் எழுதி வாங்குங்கள். அந்த உயரத்தில் முதலாவது வகைதான் வேண்டும்.