மின்புலம் கொடுத்தும் நானோ மணிகள் சரமாகச் சேரவில்லை, எங்கே தப்பு?

தண்டையார்பேட்டை நிலா:
வணக்கம். எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம். ஏசி மின்புலத்தில் நானோ துகள்களை முத்துச்சரம் மாதிரி கோக்க வேண்டும், அதுதான் ப்ராஜெக்ட். பன்னிரண்டு நாளாகக் கோத்துக்கொண்டே இருக்கிறேன், இரண்டு முத்துகூடச் சேரவில்லை.

செட்டப் இதுதான். ஐடிஓ (மின்சாரம் கடத்தும், ஒளி ஊடுருவும் பூச்சு) பூசிய கண்ணாடியில் நடுவே 100 மைக்ரோமீட்டர் அகலத்துக்குப் பூச்சை அரித்து எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் வயர் கொடுத்தேன். ஓரங்களில் இருபக்க டேப், அதன்மேல் கவர் ஸ்லிப். உள்ளே 500 நானோமீட்டர் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் மணிகள், தண்ணீரில் நன்றாக நீர்த்தது. எங்கள் ஃபங்ஷன் ஜெனரேட்டர் தரும் அதிகபட்சம் 20 வோல்ட் பீக் டு பீக், அதையே வைத்தேன்.

1 கிலோஹெர்ட்ஸில் எலெக்ட்ரோடு ஓரமாக மணிகள் சுழன்று சுழன்று ஓடுகின்றன, மழை நாளில் எங்கள் தெரு சாக்கடை வாயில் தண்ணீர் சுற்றுமே அந்த மாதிரி. 100 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் சுழல் நின்றுவிடுகிறது. ஆனால் புலம் என்று ஒன்று இருப்பதையே கண்டுகொள்ளாமல் மணிகள் தம்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கின்றன. வருகிற வியாழன் ரிவ்யூ.

எண்ணூர் ஓய்வு:
நான் அனல்மின் நிலையத்தில் சாம்பல் பிடிக்கும் பிரிவில் இருந்தவன். அங்கே பல ஆயிரம் வோல்ட் டிசி. புகையோடு வரும் தூள் அப்படியே தட்டில் போய் அப்பிக்கொள்ளும். ஏசி எதற்கும்மா, டிசி கொடுத்துப் பாரேன்.

தண்டையார்பேட்டை நிலா:
பார்த்துவிட்டேன் ஐயா. 5 வோல்ட்டிலேயே குமிழ் குமிழாக வந்து, ஐடிஓ ஒரு பக்கம் பழுப்பாகிவிட்டது. ஒரு கண்ணாடி போச்சு.

வியாசர்பாடி வாத்தியார்:
ஐயா சொல்வது வேறு சங்கதி. அங்கே சாம்பலுக்கு முதலில் மின்னூட்டம் ஏற்றி, அப்புறம் இழுக்கிறார்கள். இங்கே மின்புலமே மணிக்குள் ஓர் இருமுனையைத் தூண்டுகிறது. ஒரு மணியின் நேர்முனையை அடுத்த மணியின் எதிர்முனை பிடித்துக்கொள்கிறது, அதுதான் சரம். புலம் திசை மாறினால் முனைகளும் கூடவே மாறும், பிடி விடாது. சீரில்லாத புலத்தில் துகள் இப்படி நகர்வதற்கு டைஎலெக்ட்ரோபோரெசிஸ் என்று 1951-இல் ஹெர்பர்ட் போல் பெயர் வைத்தார். தண்ணீரில் டிசி கொடுத்தால் குமிழ்தான் மிச்சம்.

1 கிலோஹெர்ட்ஸில் பார்த்த சுழல் மணியின் வேலை இல்லை. ஓடுவது தண்ணீர். எலெக்ட்ரோடு மேல் வந்து சேரும் அயனிகளைப் புலம் பக்கவாட்டில் தள்ளுகிறது, அவை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகின்றன. அதிர்வெண்ணை ஏற்றினால் அவை அங்கே சேரவே நேரம் இருக்காது. அதுவரை எல்லாம் சரி. 100 கிலோஹெர்ட்ஸில் ஏன் சேரவில்லை என்பதுதான் கேள்வி. என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்?

தண்டையார்பேட்டை நிலா:
கேன் தண்ணீர் சார். லேபில் டிஸ்டில்டு தீர்ந்துபோய் ஒரு மாசம் ஆகிறது.

வியாசர்பாடி வாத்தியார்:
வீட்டில் ஆர்ஓ மெஷின்காரர் கொடுத்த டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது) இருந்தால் அதை முக்கிப் பாருங்கள்.

தண்டையார்பேட்டை நிலா:
62 காட்டுகிறது. குடிக்க நல்ல தண்ணீர்தானே சார்?

வியாசர்பாடி வாத்தியார்:
குடிக்க நல்லது, உங்கள் மணிகளுக்குத்தான் ஆகாது. 62 பிபிஎம் என்றால் கடத்துதிறன் தோராயமாக அதன் இரட்டிப்பு, சென்டிமீட்டருக்கு 120 மைக்ரோசீமென்ஸ் என்று வையுங்கள். பாலிஸ்டைரீன் உள்ளே காப்பான், ஆனால் அதன் தோலில் ஒட்டியிருக்கும் அயனிகள் கடத்தும். மணி சிறுக்கச் சிறுக்க உடலைவிடத் தோலின் பங்கு கூடிக்கொண்டே போகும். வழக்கமாக எடுக்கும் 1 நானோசீமென்ஸ் மேற்பரப்புக் கடத்தலை இரண்டால் பெருக்கி, 250 நானோமீட்டர் ஆரத்தால் வகுங்கள். சென்டிமீட்டருக்கு 80 மைக்ரோசீமென்ஸ் வரும்.

மணி 80, தண்ணீர் 120. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் புலத்துக்கு மணி எது, தண்ணீர் எது என்றே தெரியாது. மணி தண்ணீரிலிருந்து எவ்வளவு வேறுபட்டுப் புலத்துக்குத் தெரிகிறது என்பதைச் சொல்லும் கிளாசியஸ் மொசோட்டி காரணி போட்டால் மைனஸ் 0.12 வருகிறது. தண்ணீர் 3 ஆக இருந்தால் அதே காரணி 0.9. சரத்தின் பிடி இதன் வர்க்கத்தில் போகிறது, அதாவது ஐம்பது மடங்கு வித்தியாசம். உங்கள் 20 வோல்ட்டுக்கு, கேன் தண்ணீரில் பிடியும் வெப்ப ஆட்டமும் ஏறக்குறைய சமம். தூய தண்ணீரில் பிடி பல பத்து மடங்கு மேலே.

அப்புறம், குப்பியில் வரும் மணிகளோடு சோப்பு மாதிரி சர்ஃபேக்டன்ட்டும் இருக்கும். 5000 ஆர்பிஎம்மில் கால் மணி நேரம் சுற்றி, மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் கலக்குங்கள். மூன்று தடவை.

தண்டையார்பேட்டை நிலா:
பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கினேன், மீட்டரில் 2. மணிகளை மூன்று தடவை கழுவினேன், கழுவிய கலவையும் 2 தான். செல்லில் விட்டேன். அதே கதை சார். அழுகையே வந்துவிட்டது.

ராயபுரம் கண்ணன்:
நிலா, மீட்டர் அளப்பது டம்ளரை. உங்கள் செல்லில் இருப்பது 20 மைக்ரோலிட்டர் போல, ஒரு கண்ணீர்த் துளிகூட அதைவிடப் பெரிசு. செல்லுக்குள் இருக்கும் தண்ணீரைத்தான் அளக்க வேண்டும். ஜெனரேட்டருக்கும் செல்லுக்கும் நடுவே 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போடுங்கள். 10 கிலோஹெர்ட்ஸில் செல்லின் குறுக்கே ஆஸிலாஸ்கோப் வைத்துப் பாருங்கள். தண்ணீர் தூய்மை என்றால் வோல்ட் ஏறக்குறைய முழுசாகச் செல்லில் விழும். உப்பு என்றால் பாதியும் தேறாது. 100 மைக்ரோமீட்டர் இடைவெளி, அதே ஆழம், 1 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்தால் கேன் தண்ணீருக்கு 8 கிலோஓம் வருகிறது, நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இன்னொன்று. கண்ணாடியை எதில் கழுவினீர்கள்?

தண்டையார்பேட்டை நிலா:
அண்ணா! செல்லில் பாதிகூட விழவில்லை, 20-க்கு 7 தான். கண்ணாடியை லேப் குழாயில் கழுவி, ஃபேனுக்குக் கீழே காய வைத்தேன். அந்தக் குழாயில் வருவது போர் தண்ணீர். இப்போது காய்ந்த கண்ணாடி ஒன்றை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். ஓரமெல்லாம் வெள்ளைத் திட்டு, நடுவில் குட்டிக் குட்டிச் சதுரக் கட்டிகள். உப்பேதான்.

ராயபுரம் கண்ணன்:
எங்கள் பக்கம் போர் தண்ணீரில் வைத்த பருப்பு வேகாது. அதில் கண்ணாடி கழுவினால் மணி எப்படிச் சேரும்.

தண்டையார்பேட்டை நிலா:
வந்துவிட்டது!! கண்ணாடியைப் பேட்டரித் தண்ணீரிலேயே கடைசியாக மூன்று முறை அலசினேன், கையுறை போட்டுக்கொண்டேன். ரெசிஸ்டர் சோதனையில் 20-க்கு 18 செல்லில் விழுந்தது. ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 100 கிலோஹெர்ட்ஸ் கொடுத்தேன். முதலில் மணிகள் எலெக்ட்ரோடு விளிம்புக்குப் போய் ஈ மொய்ப்பது போல மொய்த்தன. ஒரு நிமிடத்துக்குள் விளிம்பிலிருந்து ஐந்து, பத்து மணி நீளத்துக்குச் சரங்கள் கிளம்பின. நடுவில் இரண்டு சரம் சந்தித்து ஒட்டிக்கொண்டதை நானே பார்த்தேன். 3 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் விளிம்பை விட்டு விலகிவிட்டன, ஆனால் சரமாகத்தான் நிற்கின்றன. இது ஏன் சார்?

வியாசர்பாடி வாத்தியார்:
அந்த வேகத்துக்கு அயனிகளால் ஓட முடியாது. அப்போது மின்காப்பு மாறிலிகளின், அதாவது புலத்தில் பொருள் எவ்வளவு முனைவாகிறது என்பதன், சண்டை மட்டும்தான். பாலிஸ்டைரீனுக்கு 2.5, தண்ணீருக்கு 78. காரணி மைனஸ் 0.48 ஆகிவிடும், புலம் வலுவான விளிம்பிலிருந்து மணி தள்ளப்படும். ஆனால் எல்லா மணிக்கும் ஒரே குறி என்பதால் ஒன்றையொன்று இழுப்பது நிற்காது. ரிவ்யூவில் இந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

தண்டையார்பேட்டை நிலா:
கட்டாயம் சார். ஆர்வத்தில் 50 நானோமீட்டர் மணியையும் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. மறுபடி உப்பா?

வியாசர்பாடி வாத்தியார்:
இல்லை, இந்தத் தடவை அளவு. பிடி ஆரத்தின் மூன்றாம் அடுக்கில் போகிறது. பத்தில் ஒன்றாகச் சிறுத்தால் பிடி ஆயிரத்தில் ஒன்று. ஈடுகட்டப் புலம் 30 மடங்கு வேண்டும், அதாவது 20 வோல்ட்டையே 3 மைக்ரோமீட்டர் இடைவெளியில் கொடுக்க வேண்டும். டேப் ஒட்டி அரிக்கும் முறையில் அது நடக்காது. தங்கத் துகள் என்றால் கதை வேறு. 2001-இல் ஹெர்மன்சன், வெலெவ் குழு 15 முதல் 30 நானோமீட்டர் தங்கத் துகள்களிலிருந்து ஏசி புலத்தில் மின்சாரம் கடத்தும் கம்பிகளையே வளர்த்துக் காட்டினார்கள். நீங்கள் வியாழன் வரை 500-ஐ விட்டு நகராதீர்கள்.

எண்ணூர் ஓய்வு:
கரண்ட்டை நிறுத்தினால் சரம் நிற்குமா, கலையுமா?

தண்டையார்பேட்டை நிலா:
கலைந்துவிடுகிறது ஐயா, ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. கண்ணன் அண்ணா தனியாகச் சொன்னபடி, புலத்தை அணைக்காமல் ஒரு பக்கம் டேப்பைத் திறந்து தண்ணீரை மெதுவாகக் காயவிட்டேன். பாதிச் சரம் கண்ணாடியிலேயே ஒட்டி நிற்கிறது, மீதியைக் காயும் தண்ணீர் ஓரத்துக்கு வாரிக்கொண்டு போய்விட்டது. நாளைக்கு இன்னும் மெதுவாகக் காயவைத்துப் பார்க்கிறேன். பேட்டரிக் கடையில் இன்னும் இரண்டு பாட்டில் வாங்கி, லேப் அலமாரியில் என் பெயர் எழுதி வைத்துவிட்டேன்.