மைதானத்தில் பாட்டு இரண்டு தரம் கேட்காமல் டிலே பொக்ஸ் வைப்பது எப்படி?

வாவிக்கரையான், மட்டக்களப்பு

வணக்கம். வாற ஆவணியில் மட்டக்களப்பு டவுனுக்குள் திறந்த மைதானத்தில் ஒரு இசை நிகழ்ச்சி. மேடை முகப்பிலிருந்து கடைசி வேலி வரை 100 மீற்றர். 4,000 சனம் வரும். 15 இஞ்சி டொப் (பாட்டும் மேல்ச்சத்தமும் வாற பொக்ஸ்) பக்கத்துக்கு 3, 18 இஞ்சி பாஸ் (கீழ்ச்சத்தப் பொக்ஸ்) 8, கையிருப்பில் இன்னும் 4 டொப் இருக்கு. அந்த நாலையும் மைதானத்தின் நடுவில் வைத்தால் பின்னுக்கு நிற்கிறவர்களுக்குச் சத்தம் போகும். ஆனால் பாட்டு இரண்டு தரம் கேட்கும் எண்டு சொல்கிறார்கள். டெய்லர் சுவிஃப்ட் 2024 மார்ச்சில் சிங்கப்பூர் தேசிய அரங்கில் ஆறு இரவு பாடினவர். அப்படியான உலகச் சுற்றுப்பயணங்களில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? எங்கட சாமானை வைத்து அதில் எதைச் செய்யலாம்?

கல்முனை ஒலி

தம்பி, உங்களுக்குச் சத்தம் காணாமல் இல்லை, நேரம்தான் பிழைக்குது. வயரில் ஓடும் சிக்னல் நடுப் பொக்ஸுக்கு அந்தக் கணமே போய்விடும். மேடைப் பொக்ஸின் சத்தம் காற்றில் வரவேணும். 30 பாகை வெயிலில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 349 மீற்றர் போகும். அப்போ ஒரு மீற்றருக்கு 2.86 மில்லிசெக்கன். நடுப் பொக்ஸ் 60 மீற்றரில் நிற்குது எண்டு வைத்தால் 172. நடுப் பொக்ஸ் முந்திப் பாடும், மேடைச் சத்தம் 172 மில்லிசெக்கன் பிந்தி வரும். அதுதான் அந்த இரண்டாவது பாட்டு.

பெரிய டூர்களில் செய்வதும், நடுப் பொக்ஸை ஏற்றி வைத்த கோபுரத்தின் சிக்னலை அந்தளவு பிந்த விடுவதுதான். அந்தப் பிந்தலைத்தான் டிலே எண்டு சொல்வது, அப்படிப் பாடுவது டிலே பொக்ஸ். இது பழைய வித்தை. 1973 ஜூலை 28, நியூயோர்க் மாநிலத்து வாட்கின்ஸ் கிளெனில் ஆறு இலட்சம் பேர் கூடின கச்சேரிக்கு, மேடையிலிருந்து 200 அடியில் இருந்த கோபுரங்களை டிஜிட்டல் டிலே போட்டு 175 மில்லிசெக்கன் பிந்த விட்டவர்கள். 200 அடி எண்டால் 61 மீற்றர். உங்கட கணக்கும் அதே இடத்தில்தான் வந்து நிற்குது.

செய்யவேண்டியது இதுதான். மேடையின் டொப் நிற்கும் கோட்டிலிருந்து நடுப் பொக்ஸின் முகம் வரை டேப் பிடித்து அளவுங்கள். காலடி வைத்து அளந்தால் 3 மீற்றர் சும்மா பிழைக்கும், அது 9 மில்லிசெக்கன். 60 மீற்றர் வந்தால் 172 போட்டு, அதோடு இன்னும் 12 கூட்டி 184 வையுங்கள். அந்த 12 மேலதிகம் இல்லை, அவசியம். எந்தச் சத்தம் முதலில் காதுக்கு வருதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் பாட்டு வருது எண்டு மூளை எடுத்துக்கொள்ளும். மேடைச் சத்தம் ஒரு சொட்டு முந்தி வந்தால், பிந்தி வாற நடுப் பொக்ஸ் கூடின சத்தத்தில் பாடினாலும், பாடகர் மேடையில் நின்று பாடுவதாகவே தோன்றும். ஹாஸ் எண்ட ஜேர்மன்காரர் 1949இல் ஆய்ந்து சொன்னது. 30க்கு மேல் கூட்டிப்போட்டால் சொல் குழம்பத் தொடங்கும்.

டிலேயை மிக்ஸரில் மெயின் அவுட்டுக்கு, அதாவது மேடைப் பொக்ஸுக்குப் போற லைனுக்கு, போடவேண்டாம். மெயினின் இடது வலதைச் சேர்த்து ஒரு மேட்ரிக்ஸுக்கு (மிக்ஸரில் இருக்கும் தனி அவுட்) மோனோவாக, ஒரே சிக்னலாக எடுத்து, அந்த அவுட்டுக்கு மட்டும் போடுங்கள். பவர்ட் பொக்ஸுக்குள்ளேயே (அம்ப்ளிஃபயர் உள்ளே பூட்டின பொக்ஸ்) இருக்கும் டிலேயை நம்பவும் வேண்டாம், சிலதில் 100 மில்லிசெக்கனோடு நின்றுவிடும்.

அக்கரைப்பற்று வயர்மேன்

மேலே சொன்னது சரி. ஆனால் நடுப் பொக்ஸ் வைத்த இடங்களில் அதிகம் கெட்டுப்போவது பொக்ஸுக்குப் பின்பக்கம், அதாவது மேடைக்கும் பொக்ஸுக்கும் இடையில். அதை ஒருவரும் நடந்து பார்ப்பதில்லை.

மேடையிலிருந்து 45 மீற்றரில் ஒருவர் நிற்கிறார் என்று வையுங்கள். மேடைச் சத்தம் அவருக்கு 129 மில்லிசெக்கனில் வந்துவிடும். நடுப் பொக்ஸ் 184இல் பாடி, அதன் முதுகுப் பக்கச் சத்தம் 15 மீற்றர் திரும்பி வர 43 எடுக்கும், ஆக 227. இடைவெளி 98 மில்லிசெக்கன். அது தெளிவான எதிரொலி. டிலேயை எவ்வளவு மாற்றினாலும் இது போகாது. பொக்ஸின் முதுகில் வருவது பெரும்பாலும் கீழ்ச் சத்தம், அதனால் நடுப் பொக்ஸுக்கு பாஸ் வைக்கவே கூடாது. 150 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். பாஸ் மேடையிலிருந்தே பின்வேலி வரை போகும். பின்னுக்குத் தேய்ந்து போவது சொல்லின் எழுத்துகள், ச, த, க போன்றவை. அதைத்தான் நடுப் பொக்ஸ் கொடுக்க வேண்டும்.

உயரம் 3.5 மீற்றர், முகம் கடைசி வரிசையைப் பார்த்துக் கொஞ்சம் குனிந்திருக்கட்டும். தலை மட்டத்தில் வைத்தால் முன்னால் நிற்கும் பத்துப் பேரே சத்தத்தைக் குடித்துவிடுவார்கள்.

வயர் விசயம் முக்கியம். அம்ப்ளிஃபயரை (அம்ப்) மேடையில் வைத்து 70 மீற்றருக்கு ஸ்பீக்கர் வயர் இழுக்காதீர்கள். 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் போக வர 140 மீற்றர், 1.6 ஓம். இரண்டு 8 ஓம் பொக்ஸைச் சேர்த்துக் கொழுவினால் 4 ஓம்; பொக்ஸுக்குப் போய்ச் சேரும் வலு பாதியாகிவிடும். அம்ப்ளிஃபயரைக் கோபுரத்தடியில் வைத்து, இரைச்சல் ஏறாத மைக் வயரான எக்ஸ்எல்ஆர் பேலன்ஸ்ட் கேபிளில் சிக்னலை மட்டும் அனுப்புங்கள். புளூடூத் வேண்டவே வேண்டாம், அது தானாக ஒரு டிலே சேர்க்கும், நிலையாகவும் நிற்காது.

கரண்டை மேடை ஜெனரேட்டரிலிருந்தே கொண்டு போங்கள். கோபுரத்துக்கு வேறு ஜெனரேட்டர் போட்டால் இரண்டு ஏர்த்துக்கும் இடையில் ஹம் ("ம்ம்" என்ற இரைச்சல்) வரும். அதை நிறுத்த ஏர்த் வயரைக் கழற்றுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஈரப் புல்லில், ஆள் கைபடும் இடத்தில் அது உயிருக்கு ஆபத்து. சிக்னல் லைனில் ஐசொலேஷன் ட்ரான்ஸ்போமர் (வயர்த் தொடர்பைப் பிரித்துச் சிக்னலை மட்டும் கடத்துவது) போட்டால் ஹம் போய்விடும், ஏர்த் ஏர்த்தாகவே இருக்கட்டும்.

பாண்டிருப்பு ரசிகன்

என் கருத்து கொஞ்சம் வேறு. நடுப் பொக்ஸை யோசிக்க முதல் மேடை டொப்பை உயர்த்துங்கள். தூரம் இரட்டித்தால் சத்தத்தின் அளவு 6 டெசிபல் இறங்கும். டொப் காது மட்டத்தில் இருந்தால் 3 மீற்றரில் நிற்பவருக்கும் 100 மீற்றரில் நிற்பவருக்கும் 30 டெசிபல் வித்தியாசம். பின்னுக்குக் கேட்க வேணும் எண்டு கூட்டினால் முன்னுக்கு நிற்கிற பிள்ளைகளின் காது போகும். காது மட்டத்துக்கு மேல் 4.5 மீற்றர் ஏற்றினால் அதே முன்வரிசைக்குத் தூரம் 5.4 மீற்றராகிவிடும், வித்தியாசமும் 25க்கு இறங்கும். முகத்தைப் பின்வரிசைக்குத் திருப்பினால் முன்வரிசை பொக்ஸின் நேர் வீச்சுக்கு வெளியே போய் இன்னும் குறையும். ஸ்டேடியங்களில் பெரிய பொக்ஸ் தொடரைக் கிரேன் உயரத்தில் தொங்கவிடுவது இதுக்காகத்தான்.

1965 ஓகஸ்ட் 15 இங்கிலாந்துப் பாட்டுக் குழு பீட்டில்ஸ் நியூயோர்க் ஷே ஸ்டேடியத்தில் பாடினபோது 55,000க்கு மேல் சனம். கிட்டாருக்கு 100 வோட்ஸ் அம்ப், பாட்டுக்கு மைதானத்து அறிவிப்புப் பொக்ஸ். கூச்சலில் அவர்கள் பாடினது அவர்களுக்கே கேட்கவில்லை. அந்த நிலையிலிருந்துதான் இந்த வேலை இவ்வளவு தூரம் வளர்ந்தது.

வாவிக்கரையான்

கல்முனை நானா, எல்லாருக்கும் மெத்தப் பெரிய நன்றி. இரண்டு கேள்வி. பின்னேரம் வெயிலில் செட் பண்ணிப்போட்டு இரவு குளிர்ந்தால் டிலே மாறுமா? மேடையில் எல்இடி திரையும் இருக்கு, பின்னுக்கு வாய் அசைவும் பாட்டும் ஒத்துவருமா?

கல்முனை ஒலி

30 பாகை 25 ஆனால் 60 மீற்றருக்கு ஒன்றரை மில்லிசெக்கன்கூட மாறாது, தொடத் தேவையில்லை. காற்றுத்தான் கவலை. ஆவணியில் மேற்கிலிருந்து வாற கச்சான் காற்று அடித்தால் மேல்ச்சத்தம் அலைந்து அலைந்து கேட்கும். காற்றுக்கு எதிரே பாடினால் சத்தம் மேலே வளைந்து பின்வரிசைத் தலைக்கு மேலால் போய்விடும். இடம் விட்டால் மேடையை மேற்கில் போட்டு கிழக்கைப் பார்க்க வையுங்கள், காற்று உங்களுக்கு உதவி செய்யும். கோபுரத்தில் விளம்பர பேனர் கட்ட விடவேண்டாம். அது பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். நாலு பக்கமும் கயிறு இழுத்து, அடியில் மணல் மூட்டை போடுங்கள்.

திரை: 100 மீற்றரில் பாட்டு 0.29 செக்கன் பிந்தும், டிலே பொக்ஸ் அதைத் திருத்தாது. படத்தைப் பிந்த விட்டால் முன்வரிசைக்குப் பிழைக்கும். பின்வரிசை அவ்வளவு தூரத்தில் வாயைப் பார்க்காது, அப்படியே விடுங்கள்.

கடைசியாகக் காதால் செட் பண்ணுங்கள். தாளம் தட்டும் மெட்ரோனோமின் "டக் டக்" சத்தத்தை மேடைக்கும் கோபுரத்துக்கும் சேர்த்து விட்டு, கோபுரத்தைத் தாண்டிக் கடைசி வேலிப் பக்கமாக 8 மீற்றரில் நில்லுங்கள். இரண்டு "டக்" கேட்டால் டிலேயை ஐந்தைந்து மில்லிசெக்கனாக மாற்றி ஒன்றாக்குங்கள். பிறகு கோபுரத்தை மியூட் பண்ணுங்கள். மியூட் பண்ணின பிறகுதான் "அட, இவ்வளவு நேரமும் இது பாடிக்கொண்டிருந்ததா" எண்டு தெரியவேணும். முன்னமே தெரிந்தால் 3 டெசிபல் குறையுங்கள்.

அக்கரைப்பற்று வயர்மேன்

ஒலிபெருக்கி அனுமதியைப் பொலிஸில் நேரத்தோடு எடுங்கள். 2007 உச்ச நீதிமன்றக் கட்டளைப்படி இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாக அனுமதி இல்லை. பொழுது பட்டதும் நிலம் குளிர்ந்து சத்தம் கீழ்நோக்கி வளையும். பகலில் கேட்காத வீடுகளுக்கும் பாஸ் போகும். எட்டு மணிக்குப் பிறகு வேலிக்கு வெளியே ஒருவரை நடக்கவிட்டு, அவர் சொல்லுக்கு பாஸைக் குறையுங்கள். டொப்பில் கை வைக்க வேண்டாம்.